புளூட்டோவில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது?

தொலைதூரப் பனி உலகங்கள் – 9

2020 பிப்ரவரியில் தாங்கி பெர்த்ராங், பிரான்ஸுவா ஃபொர்ஜே உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புளூட்டோவின் காற்று, அந்தக் குறுங்கோள் சுழலும் திசைக்கு நேர் எதிராக, மேற்கு நோக்கி வீசுகிறது என்பது அதன் சாரம். இப்படி ஒரு வளிமண்டலம் மொத்தமாகப் பின்னோக்கிச் சுற்றுவது சூரிய மண்டலத்தில் அபூர்வம். சென்ற வாரம் பார்த்த, நெப்டியூனின் நிலவான டிரைட்டனில் மட்டும் இதைப்போல நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் புளூட்டோவில் காற்றை அளந்தவர் யாரும் இல்லை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14 அன்று அதன் அருகே விரைந்து கடந்தது, நிற்கவில்லை, இறங்கவில்லை. பின்னோக்கி வீசும் காற்று முழுக்க முழுக்கக் கணினியில் பிறந்தது. பாதி வழியில்கூட மனிதக் கால் படாத இடத்தைப் பற்றிக் கணினி சொல்வதை நாம் ஏன் நம்ப வேண்டும்? எந்த அளவுக்கு நம்பலாம்? இந்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பதிலின் ஒரு பகுதி பாரிஸில் இருக்கிறது. இன்னொரு பகுதி ஜவ்வாது மலையிலும், நைனிடால் அருகே ஒரு மலை உச்சியிலும், பெங்களூரு கோரமங்கலாவிலும் இருக்கிறது.

முதலில் புளூட்டோவின் காற்று என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். நம் காற்றைப் போலவே அதிலும் பெரும்பகுதி நைட்ரஜன்தான். கூடவே கொஞ்சம் மீத்தேன், கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. ஆனால் தரையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 12 மைக்ரோபார். நம் கடல்மட்டக் காற்றழுத்தம் பத்து லட்சம் மைக்ரோபாருக்குச் சற்று அதிகம். அதாவது எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. இந்த மெல்லிய போர்வைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது கீழே கிடக்கும் நைட்ரஜன் பனியோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. மைனஸ் 236 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் அந்தப் பனி, வெயில் பட்டால் உருகாமல் நேரே வாயுவாகிறது. இருள் படர்ந்தால் வாயு மறுபடி பனியாகப் படிகிறது. பனியின் வெப்பம் ஒரே ஒரு டிகிரி கூடினால் மேலே நிற்கும் வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். பூமியில் வளிமண்டலம் என்பது இருப்பில் உள்ள பொருள். வெப்பம் அதை அசைக்கிறது, அவ்வளவுதான். புளூட்டோவில் வளிமண்டலத்தின் அளவையே பனிதான் தீர்மானிக்கிறது. ஆகவே அங்கே காற்றைக் கணக்கிடுகிறேன் என்று இறங்குபவர் முதலில் பனியைக் கணக்கிட வேண்டும்: எங்கே எவ்வளவு கிடக்கிறது, எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அடியில் எவ்வளவு வெப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதையெல்லாம்.

அந்தப் பனியின் பெரும் கிடங்கு ஸ்புட்னிக் பிளானிஷியா. நியூ ஹொரைசன்ஸ் அனுப்பிய படங்களில் இதய வடிவில் தெரிந்ததே, அதன் இடது பாதி. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளப் பள்ளம். சுற்றுப்புறத்தைவிடச் சில கிலோமீட்டர் தாழ்வு. பனி ஏன் அங்கேயே குவிந்தது? தாழ்ந்த இடத்தில் அழுத்தம் அதிகம். அழுத்தம் அதிகமானால் நைட்ரஜன் சற்றே கூடுதல் வெப்பத்திலேயே உறையும். கூடுதல் வெப்பத்தில் இருக்கும் பனி கூடுதலாக வெப்பத்தை வெளியே வீசும். இழந்த வெப்பத்தை ஈடுகட்ட மேலும் வாயு அதன்மேல் படியும். புளூட்டோவின் பனியை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் கணினியில் ஓடவிட்டபோது அது தானாகவே அந்தப் பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்று பெர்த்ராங்கும் ஃபொர்ஜேயும் 2016-இல் காட்டினார்கள். காற்றின் திசைக்கும் இந்தப் பள்ளம்தான் காரணம். இப்போது புளூட்டோவின் வடபாதியில் கோடை. பள்ளத்தின் வட பகுதியில் பனி ஆவியாகிறது, தென் பகுதியில் படிகிறது. இடையில் காற்று வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்தாக வேண்டும். புளூட்டோ ஒருமுறை சுழல 6.4 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. அதன் நடுக்கோட்டில் தரை நொடிக்குச் சுமார் 13.5 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது, 45 டிகிரி அட்சரேகையில் 9.5 மீட்டர்தான். அங்கே தரையோடு ஒட்டி நின்ற காற்று, தன் கோண உந்தத்தை இழக்காமல் நடுக்கோட்டுக்கு வந்தால், அதன் கிழக்கு நோக்கிய வேகம் 7 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். தரை 13.5-இல் ஓட, காற்று 7-இல் பின்தங்க, தரையில் நிற்பவருக்கு அது மேற்கு நோக்கி வீசும் காற்று. இதைச் சரிபார்க்கச் சூப்பர் கணினி வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் போதும். சூப்பர் கணினி வேண்டியிருப்பது மலை, பள்ளம், பகல், இரவு, மீத்தேன், புகைமூட்டம் எல்லாம் சேர்ந்த பிறகும் இந்த எளிய கணக்கு நிலைக்கிறதா என்று பார்ப்பதற்கு. நிலைக்கிறது என்பதுதான் 2020-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு.

இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். கணினி மாதிரியில் திருப்பக்கூடிய திருகுகள் நிறைய: பனியின் வெண்மை, அது வெப்பத்தை உமிழும் திறன், அடித்தரையின் வெப்பத் தேக்கம், பனி மொத்தம் எவ்வளவு என்ற அனுமானம். இத்தனை திருகுகள் இருந்தால் வேண்டிய விடையை வரவழைத்துவிடலாமே என்று கேட்பவரை அலட்சியப்படுத்த முடியாது. வரலாறு அவர் பக்கம் நிற்கிறது. புளூட்டோ 248 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. 1989-இல் அது சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அன்றிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. விலகினால் குளிரும், குளிர்ந்தால் காற்று உறைந்து தரையில் விழுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அப்போது வலுவாக இருந்தது. காற்று விழுவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தைத் தாமதிக்கக் கூடாது என்று வாதாடியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நடந்தது நேர்மாறு. 1988-க்கும் 2015-க்கும் இடையே புளூட்டோவின் காற்றழுத்தம் மூன்று மடங்கு உயர்ந்தது. காரணம் பிற்பாடு தெளிவானது. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு என்றாலும் புழுக்கம் இரண்டு மணிக்குத்தானே வாட்டுகிறது? அதுபோல அடித்தரை வெப்பத்தைச் சேர்த்துவைத்துத் தாமதமாகத் தருகிறது. அத்தோடு, புளூட்டோவின் அச்சு ஏறத்தாழ 120 டிகிரி சாய்ந்திருப்பதால், தொலைவு கூடினாலும் இந்தப் பல ஆண்டுகளில் ஸ்புட்னிக் பள்ளத்தின் பனிமீது வெயில் முன்பைவிட நேராக விழத் தொடங்கியது. பழைய எதிர்பார்ப்பைத் தோற்கடித்தது இன்னொரு சமன்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. அதைத் தோற்கடித்தது அளவீடு. 1988-இல் ஒரே ஒரு புள்ளி இருந்தது. ஒரு புள்ளி வழியாக எந்தக் கோட்டையும் வரையலாம்: ஏறுவது, இறங்குவது, படுத்துக் கிடப்பது. 2002-இல் அளக்க மேலும் இரண்டு வாய்ப்புகள் கிடைத்தபோதுதான் கோடு ஏறுகிறது என்று தெரிந்தது.

ஐநூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு மெல்லிய காற்றின் அழுத்தத்தை இங்கிருந்து எப்படி அளக்கிறார்கள்? நட்சத்திர ஒளியில் விழும் நிழலால். புளூட்டோ வானத்தில் மெதுவாக நகர்கிறது; எப்போதாவது ஒரு நட்சத்திரத்தின் முன்னால் சரியாகக் கடக்கிறது. அப்போது நட்சத்திர வெளிச்சத்தில் புளூட்டோவின் நிழல் பூமிமேல் விழுந்து, வழக்கமாக நொடிக்கு இருபது கிலோமீட்டர் அளவில் ஓடும். நிழலின் பாதையில் நிற்கும் தொலைநோக்கிக்கு முழு நிகழ்ச்சியும் இரண்டு நிமிடம். தொலைநோக்கியில் புளூட்டோவும் நட்சத்திரமும் தனித்தனியாகத் தெரியாது. ஒன்றாகக் கலந்த ஒரே புள்ளி. கேமரா அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டே போகும். காற்றில்லாத பாறை மறைத்தால் வெளிச்சம் சட்டென்று வெட்டியதுபோல் விழும். காற்று இருந்தால் விழாது, சரியும். காற்றின் மேலடுக்கு வெளிச்சத்தைச் சற்றே வளைக்கும். கீழே போகப் போக வளைவு கூடும். வரைபடத்தில் கோடு சாய்ந்து இறங்கி, சில இடங்களில் சின்னச் சின்ன முட்களாக நடுங்கி, பிறகு மறுபக்கம் அதேபோல் சாய்ந்து ஏறும். நிழலின் நட்ட நடுவில் நிற்கும் தொலைநோக்கிக்கு இன்னும் ஒன்று கிடைக்கும். எல்லாப் பக்கமும் வளைந்த ஒளி ஒரே இடத்தில் குவிந்து, இருட்டின் மையத்தில் ஒரு கணம் பளிச்சென்று மின்னும். தரையை ஒட்டிய காற்றைப் பற்றி அந்த மின்னலைவிட நல்ல சாட்சி பூமியிலிருந்து கிடைப்பதில்லை. சரிவின் வடிவத்திலிருந்து அழுத்தமும் வெப்பநிலையும் கணக்கிடப்படுகின்றன. அந்த இரண்டு நிமிடத்தில் மேகம் வந்தால் அவ்வளவுதான். அடுத்த வாய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

இந்தக் கலையில் தமிழ் மண்ணுக்குப் பழைய பங்கு உண்டு. பெங்களூரு கோரமங்கலா வழியே போகிறவர்களில் பலருக்கு அதன் இரண்டாவது பிளாக்கில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் ஒரு மதில் சுவர், ஒரு பெயர்ப்பலகை. அந்த நிறுவனத்தின் வேர் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் இருக்கிறது. அது கொடைக்கானலுக்குப் போய், 1971-இல் தன்னாட்சி நிறுவனமாகிப் பெங்களூருக்கு வந்தது. அதன் கண்கள் காவலூரில் இருந்தன. வானியலாளர் வேணு பாப்பு ஜவ்வாது மலையில் தேர்ந்தெடுத்த அந்த இடத்தில் 1972-இல் 102 செ.மீ. கார்ல் ஸைஸ் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 7 அன்று வியாழனின் பெரிய நிலவான கானிமீட், எஸ்.ஏ.ஓ. 186800 என்ற நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் பார்த்தார்கள். வெளிச்சம் சட்டென்று வெட்டப்படவில்லை என்று பதிவானது. ஜே. சி. பட்டாச்சார்யா உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 1973-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது: கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு; தரையில் அதன் அழுத்தம் ஒரு மைக்ரோபாருக்குக் குறையாது. ஒரு பனி நிலவுக்குக் காற்று உண்டு என்ற செய்தி, அதுவும் அப்போதுதான் நிறுவிய தொலைநோக்கியிலிருந்து!

ஆறு ஆண்டுகள் கழித்து, 1979-இல், வாயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்தது. அதன் புறஊதாக் கருவி, கானிமீட் இன்னொரு நட்சத்திரத்தை மறைப்பதை மிக அருகிலிருந்து பார்த்தது. காற்று இருப்பதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. அப்படியே காற்று இருந்தாலும் காவலூர் சொன்னதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று அது வரம்பிட்டது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி கானிமீடைச் சுற்றி ஆக்சிஜனின் மெல்லிய ஒளிர்வைக் கண்டது. ஆக, காற்று உண்டு என்பது உண்மைதான், ஆனால் 1972-இல் அளந்ததாகக் கருதிய காற்று அது இல்லை. ஹப்பிள் கண்டதை அடையாளம் காணும் திறன் பூமியிலிருந்து பார்க்கும் எந்த நட்சத்திர மறைப்புக்கும் கிடையாது, அவ்வளவு மெலிது. காவலூரின் சாதனைப் பட்டியலில் கானிமீட் இன்றும் இடம்பெறுவதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அந்த இடத்தில் இருக்கத் தகுந்தது யுரேனஸ். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் காற்றை அளக்க உலகம் முழுக்கத் தொலைநோக்கிகள் திரும்பின. நட்சத்திரம் யுரேனஸை நெருங்குவதற்கு முன்பே மங்கி மீண்டது. காவலூரில் பதிவான மங்கலை வைத்துப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் புதிய துணைக்கோள் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியில் பார்த்த எலியட் குழுவுக்கு யுரேனஸின் இரு பக்கமும் ஒரே அளவில் மங்கல்கள் கிடைத்திருந்ததால் அவை வளையங்கள் என்று புரிந்தது. காவலூரின் பதிவு பிழையற்றது. ஆனால் ஓர் இடத்தில் பதிந்த ஒரு மங்கலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்க முடியும்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தும் என் வாதம் பிறக்கிறது. தொலைதூர உலகின் காற்றைப் பற்றிய கணினி மாதிரி நம்பகமாவது அதன் நுணுக்கத்தால் இல்லை. பல ஆண்டுகளாக, பல இடங்களிலிருந்து, இடைவிடாமல் எடுத்த அளவீட்டுத் தொடர்தான் அதற்கு நம்பகத்தன்மையைத் தருகிறது. கானிமீடில் ஒரே இரவு, இரண்டு நிலையங்கள், மறுபடி பார்க்க வாய்ப்பில்லை; பிழை ஆறு ஆண்டு நிலைத்தது. புளூட்டோவில் 1988-இலிருந்து நிழல் மேல் நிழலாக அளந்ததால் பிழை வந்தாலும் அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இதற்கு மிகச் சமீபத்திய, மிகத் தெளிவான சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 2019 ஜூலை 17 அன்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹவாயில் உள்ள 60 செ.மீ. தொலைநோக்கியால் ஒரு மறைப்பைப் பார்த்தார்கள். 2016-ஐவிட அழுத்தம் சுமார் 20 சதவீதம் விழுந்துவிட்டது என்று கணக்கு வந்தது. புள்ளியியல் நோக்கில் அது உறுதியான முடிவு இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உண்மையாக இருந்தால் மாதிரிகள் எல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். மூன்று ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு காற்றை உறையவைக்க எந்த மாதிரியாலும் எளிதில் முடியாது. அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 6 அன்று, நிழல் இந்தியா மேல் விழுந்தது. நைனிடால் அருகே 2,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் தேவஸ்தலில், ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கியும் 1.3 மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பிடித்தன. கொரோனா ஊரடங்கு தளரத் தொடங்கியிருந்த அந்த வாரத்தில், பருவமழை மேகம் மலையை மூடுவதற்கு முன்பு! பாரிஸின் ப்ரூனோ சிக்கார்டியும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட விடை: 12.23 மைக்ரோபார். 2015-இல் விண்கலம் அளந்த சுமார் 11.5-க்கு மிக அருகில். அதாவது முப்பது ஆண்டு ஏற்றம் நின்று, அழுத்தம் மேட்டுநிலத்தில் நிற்கிறது. பனியின் போக்கைக் கணக்கிடும் மாதிரிகள் சொன்னதும் அதுதான். கடுகளவு ஐயம் எஞ்சியிருந்தாலும், பெரும் சரிவு என்ற கருத்தை அந்த ஒரு இரவு பலவீனப்படுத்திவிட்டது.

அளவீடு என்று நீங்கள் சொல்வதற்குள்ளேயே ஒரு மாதிரி ஒளிந்திருக்கிறதே என்று கூர்மையான வாசகர் கேட்பார். உண்மை. நட்சத்திர ஒளி நன்றாகப் பதிவது தரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உயரத்தில். தரை அழுத்தத்தைச் சொல்ல வேண்டுமானால் இடையில் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று ஓர் அனுமானம் தேவை. அனுமானம் தவறினால் 12.23 என்ற இரண்டு தசம இலக்கமும் அர்த்தமற்றதாகும். ஆனால் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, எல்லா மறைப்புகளையும் ஒரே அனுமானத்தால் கணக்கிட்டால், தனித்தனி எண்களில் சற்றுப் பிழை இருந்தாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் பிழை பெரிதாக வராது; நமக்கு வேண்டியது அந்தப் போக்கு. இரண்டு, 2015-இல் பூமியிலிருந்து அனுப்பிய ரேடியோ அலைகள் புளூட்டோவின் காற்று வழியே தரை வரை ஊடுருவுவதை நியூ ஹொரைசன்ஸ் அளந்து, அனுமானத்தை வேறு வழியில் சரிபார்த்தது. மேல் அடுக்குகள் எதிர்பார்த்ததைவிட அதிகக் குளிராக, மைனஸ் 200 டிகிரி அளவில், இருந்ததும் அப்போது தெரிந்தது. ஏன் அவ்வளவு குளிர்? வாயுக்களால் விளக்க முடியவில்லை. வாயு இல்லை, காற்றில் மிதக்கும் நீலப் புகைமூட்டத்தின் துகள்களே வெப்பத்தை வெளியேற்றுகின்றன என்று 2017-இல் ஒரு குழு கணக்கிட்டு, அப்படியானால் புளூட்டோ நடு அகச்சிவப்பில் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும் என்றும் முன்கூட்டியே சொன்னது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022–2023-இல் பார்த்தபோது அப்படியே தெரிந்தது. தெரியாமல் போயிருந்தால் அந்த விளக்கம் அன்றே செத்திருக்கும். மாதிரி கற்பனைக் கதை என்ற குற்றச்சாட்டுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த பதில் இதுதான்.

இன்னும் பழைய முன்னுதாரணமும் உண்டு. 1966-இல் லெய்ட்டன், முர்ரே என்ற ஆய்வாளர்கள் செவ்வாய்க் காற்றின் கணிசமான பகுதி குளிர்காலத்தில் துருவத்தில் கார்பன் டை ஆக்சைடு பனியாக உறைந்து கோடையில் திரும்பும் என்று கணக்கிட்டார்கள். 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் ஆண்டு முழுக்க அழுத்தத்தை அளந்தபோது அது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஏறி இறங்கியது. பனியும் காற்றும் கைமாறும் உலகங்களைச் சமன்பாட்டால் பிடிக்க முடியும் என்பது அன்றே நிரூபணமானது.

சரி, நம் வயலுக்கு மழை எப்போது என்று சொல்ல முடியாத நிலையில் புளூட்டோ காற்று எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதில் நேரடியானது. ஃபொர்ஜேயின் புளூட்டோ மாதிரி பாரிஸில் உள்ள எல்.எம்.டி. ஆய்வகத்தில் பிறந்தது. பூமியின் காலநிலைக்காக அந்த ஆய்வகம் உருவாக்கிய மாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதே குடும்பத்தின் எல்.எம்.டி.இசட். மாதிரியைத் தெற்காசியா மேல் கூர்மைப்படுத்தி, புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் நம் தென்மேற்குப் பருவமழையை ஆராய்ந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சுழலும் உருண்டைமேல் காற்று நகரும் சமன்பாடு இரண்டுக்கும் ஒன்றே. பூமியில் மாதிரியைச் சரிபார்க்க லட்சக்கணக்கான அளவீடுகள் இருப்பது பெரிய வசதி. ஒரு ஆபத்தும் அதில் இருக்கிறது: அளவீட்டுக்குப் பொருந்தும்வரை திருகுகளைத் திருப்பிவிட்டு, இயற்பியலைச் சரியாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்துக்கொள்ளலாம். புளூட்டோவில் அந்த வசதி கிடையாது. அங்கே சமன்பாட்டின் அடிப்படை தவறென்றால் அது மறைய இடமில்லை. பருவமழை மாதிரிக்குள் இருக்கும் இயற்பியலை இவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் இடங்கள் அதிகம் இல்லை. புளூட்டோ ஆய்வால் அடுத்த ஆண்டு மழைக் கணிப்பு திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். சமன்பாட்டை நம்பலாமா என்ற கேள்விக்கு உலகில் எங்கெல்லாம் சாட்சி கிடைக்குமோ அங்கெல்லாம் போவது நல்ல அறிவியல் என்று மட்டும் சொல்கிறேன்.

இதில் நமக்கு இருக்கும் சாதகம் புவியியல் தந்தது. நிழல் எங்கே விழும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையில் விழுந்தால் பார்க்க வேண்டியவர்கள் நாம். புளூட்டோ இப்போது வானத்தின் தென்பகுதியில் நிற்கிறது. நடு ஐரோப்பாவில் அது அடிவானத்துக்கு மேல் இருபது டிகிரிகூட ஏறாது. தேவஸ்தலில் 38 டிகிரி ஏறும். காவலூரில் 55 டிகிரி. தெற்கு வானம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பாப்பு அந்த மலையைத் தேடிப் பிடித்ததன் பலன் அது. பாதகமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. புளூட்டோ இரவு முழுக்கத் தெரியும் மாதம் ஜூலை. அது பருவமழை மாதம். அதனால்தான் ஒரே ஒரு பெரிய தொலைநோக்கியை நம்பியிருக்க முடியாது. மழைமறைவுப் பகுதியில் இருக்கும் காவலூரும், இமயத்தின் நிழலில் இருக்கும் லடாக்கின் ஹான்லேயும், தேவஸ்தலும் ஒரே இரவில் ஒரே நிழலுக்குத் தயாராக இருந்தால் ஓரிடத்தை மூடிய மேகம் இன்னோரிடத்தில் விலகியிருக்கலாம். 2019-இல் 60 செ.மீ. தொலைநோக்கியின் பதிவில் ஐயம் எஞ்சியதை நினைத்தால், கருவியின் அளவும் வேகமான கேமராவும் முக்கியம் என்பதும் தெரியும். இதில் அவசரம் காட்டவும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் புளூட்டோ பால்வெளியின் நட்சத்திர நெரிசலுக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. மறைப்புகள் அடிக்கடி கிடைத்தன. இப்போது அந்த நெரிசலை விட்டு வெளியேறிவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு வாய்ப்பு அருகும். அதே காலத்தில்தான் அழுத்தம் மேட்டுநிலத்திலிருந்து இறங்கத் தொடங்கும் என்று மாதிரிகள் எதிர்பார்க்கின்றன. மாதிரிகளைச் சோதிக்கத் தகுந்த காலம் இதுதான், அதற்கான நட்சத்திரங்கள் குறைவதும் இப்போதுதான்.

ஆகவே, புதிய பெரிய தொலைநோக்கி வரும்வரை பழையவற்றை ஓரம்கட்டலாம் என்ற எண்ணம் எழும்போதெல்லாம் அதை எதிர்க்க வேண்டும். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் 1986-இல் திறந்த 234 செ.மீ. தொலைநோக்கியும் வேகமான கேமராக்களோடு இயங்க வேண்டும். மறைப்பு நிகழும் இரவில், ஏற்கெனவே ஒதுக்கிய ஆய்வை அந்த ஒரு மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கும் ஏற்பாடு எல்லா நிலையங்களிலும் விதியாக வேண்டும். பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த நிழல் எங்கே விழும் என்ற கணிப்புகள் முன்கூட்டியே வெளியாகின்றன, பாதை நம் மேல் வரும் நாளைக் குறித்துவைத்து, அந்த இரவில் எந்தெந்தத் தொலைநோக்கி திறந்திருக்கும் என்று கோரமங்கலாவுக்கு எழுதிக் கேளுங்கள்.

(தொடரும்)